உம் கொட்டுகிறவர்

அகராதி அச்சிடும் அந்த அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளம் போடுகிறவர் மட்டும்தான் நினைவு வைத்திருந்தார். மற்றபடி எல்லோருக்கும் அவர் இடைக்கோட்டார். வரி முடிகிற இடத்தில் ஒரு ஆங்கிலச் சொல் முழுதாக அடங்காவிட்டால் அதை இரண்டாக உடைத்து, ஒரு சின்னக் கோடு போட்டு, மீதியை அடுத்த வரிக்கு அனுப்புவார்கள் அல்லவா? அந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பிழை திருத்துவது அவருக்கு வேலை, கோடு பார்ப்பது வியாதி என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். முன்னாலும் பேசியிருக்கிறார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள வாயைத் திறக்க வேண்டுமே.

வாயைத் திறக்காததற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பிழைப்பு அப்படி. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில–தமிழ் அகராதி அங்கே தயாராகும். ப்ரூஃப் வந்ததும் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார், மற்றவர் ப்ரூஃபில் கண்ணை ஓட்டுவார். வாசிக்கிறவர் சொல்லை மட்டும் வாசித்தால் போதாது. கமா வந்தால் "கமா", புள்ளி வந்தால் "புள்ளி", கோடு வந்தால் "கோடு" என்று கடுகளவு குறியையும் விடாமல் சொல்ல வேண்டும். கேட்கிறவர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "ம்". பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது, மேலே போ என்று அதற்கு அர்த்தம். "ம்" வராவிட்டால் எங்கேயோ இடிக்கிறது. வாசிக்கிறவர் அப்படியே நின்று, கொஞ்சம் பின்னால் போய், அந்த வரியை மறுபடி வாசிப்பார். யாரும் யாரையும் பார்த்துத் தப்பு என்று சொல்லவே வேண்டாம். மௌனம் சம்மதம் என்று உலகமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, அந்த அறையில் மட்டும் மௌனம் என்றால் "இரு, இது சரியில்லை" என்று பொருள்.

இடைக்கோட்டார் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உம் கொட்டுகிறவர்தான். வாசித்தது வாசிப்பக்கா. அவரைவிட மூத்த முதலாளிகூட அந்த அம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கணீரென்ற குரல். வாசிக்கிற ஜோரில் வீட்டு விஷயமும் நடுவில் வந்து விழும்.

"ஹேபிட், பெயர்ச்சொல், பழக்கம், கமா, வழக்கம், புள்ளி. என் மருமக நேத்துலேருந்து என்கிட்ட பேசறதில்ல, கமா. ஏன்னு நானும் கேக்கல, புள்ளி."

"ம்," என்பார் இடைக்கோட்டார். ப்ரூஃபிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். அந்த மருமகளின் குணத்தை அவளுடைய சொந்தப் புருஷனைவிட நன்றாக அறிந்தவர் இவர்தான் என்று வாசிப்பக்காவே சொல்லியிருக்கிறார்.

போன பதிப்பில் 'ஹேப்பி' என்ற சொல் வந்தபோது பெரிய கலாட்டா. சொல்லின் நடுவில், முதல் 'பி'க்கும் இரண்டாவது 'பி'க்கும் இடையே, அகராதிக்காரர்கள் ஒரு புள்ளி வைப்பார்கள். உடைப்பதானால் அங்கே உடைக்கலாம் என்பதற்கு அடையாளம். பக்கம் வடிவமைக்கிற பெண் அதை நம்பி ஒரு வரிக் கடைசியில் உடைத்துவிட்டாள். இடைக்கோட்டார் சிவப்பு மையால் சுழித்து அனுப்பினார். அவள் தாளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"உடைக்கலாம்னு புள்ளி வெச்சதே நீங்கதானே சார்?"

"உடைக்கலாம்ங்கறது வேற, உடைக்கணும்ங்கறது வேற," என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். பாக்கியை வாசிப்பக்காதான் விளக்கினார். முன்பாதியான 'ஹேப்' பழைய காலத்து ஆங்கிலத்தில் தனிச்சொல். தற்செயல், அதிர்ஷ்டம் என்று அர்த்தம். அது எங்கே நின்றாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பின்பாதி 'பி', 'ஒய்' என்று வெறும் இரண்டு எழுத்து. அதைத் தனியாக அடுத்த வரிக்கு அனுப்பினால் வாசிக்கிற பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? இரண்டெழுத்தைத் தனியே தள்ளிவிடக் கூடாது என்பது இந்த அலுவலகத்தின் சட்டம்.

பெண் முணுமுணுத்துக்கொண்டே போனாள். வாசிப்பக்கா பொருளை வாசிக்க ஆரம்பித்தார். ஒன்று, மகிழ்ச்சியான. இரண்டு, மனநிறைவுள்ள. மூன்று, அதிர்ஷ்டமுள்ள. நான்கு, பொருத்தமான. ஐந்து, ஒன்றைச் செய்ய விருப்பமுள்ள. வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அஞ்சு அர்த்தம் போட்டிருக்காங்க சார். அஞ்சுல ஒண்ணாவது நமக்கு ஒத்து வராமலா போயிடும்?"

"ம்," என்றார் இடைக்கோட்டார். அப்போது அவர் மனைவி உயிரோடு இருந்தாள். அதனால் பொய் சொன்னதாகாது.

மனைவியிடமும் அவருக்கு இதே கதைதான். அவள் சமையலறையில் நின்று அன்றைய பாடுகளையெல்லாம் வாசிப்பாள். இவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து உம் கொட்டுவார். கல்யாணமான புதிதில் அவளுக்கு எரிச்சலாக வந்தது. வாயில் என்ன பூட்டா என்று கேட்டிருக்கிறாள். போகப்போக அந்த "ம்"முக்குள் இருக்கிற நெளிவு சுளிவெல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அதைவிட முக்கியமாக, "ம்" வராத இடமும் பிடிபட்டது. கடைசி வருடம் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது, "இன்னைக்கு வலி இல்லைங்க," என்பாள். இவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கு. நேத்தைவிட ஜாஸ்திதான்," என்பாள். "ம்," என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார். அவர்களுக்குள் அவ்வளவு போதுமாக இருந்தது. மகள் அப்போது கட்டிக்கொண்டு போன ஊரில் இருந்தாள். வந்து வந்து போனாளே தவிர இதையெல்லாம் அவள் பார்த்ததில்லை.

மனைவி போனாள். சில மாதங்களில் முட்டிவலியால் மாடிப்படி ஏற முடியாமல் வாசிப்பக்காவும் வேலையை விட்டு வீட்டோடு இருந்துவிட்டார். பட்ட காலிலே படும் என்பது சரிதான்.

வாசிப்பக்காவின் நாற்காலியில் வேறு ஆள் வரவில்லை. கம்ப்யூட்டரே வாசிக்கும் என்றார் மேனேஜர். ஒரு ஹெட்போனை நீட்டினார்.

"இதுக்கு முட்டி வலிக்காது சார். லீவு கேக்காது. மருமக கதை சொல்லாது."

அதுதான் அதிலுள்ள கோளாறு என்று இடைக்கோட்டாருக்குத் தோன்றியது, வழக்கம்போல் சொல்லவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒரு பெண் குரல் வாசித்தது. கமாவையும் புள்ளியையும் ஒன்றுவிடாமல் சொல்லியது. குறை சொல்ல முடியாது. பழக்க தோஷம், ஒவ்வொரு வரிக்கும் "ம்" என்றார். காதில் ஹெட்போனோடு தனியாக உட்கார்ந்து ஒரு மனிதர் சுவரைப் பார்த்து "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தார்கள். பிறகு அதுவும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். யாராவது சிரித்துக்கொண்டாவது இருந்திருக்கலாம் என்று அவருக்குப் பட்டது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பூட்டைத் திறந்து உள்ளே போனால் காலையில் விட்ட செருப்பு விட்ட இடத்தில், மடிக்காத போர்வை மடிக்காதபடியே. ஒரு ஆளுக்குச் சமைக்க அந்த வீட்டில் பாத்திரமே இல்லை. எல்லாம் பெரிது. ரேடியோவைப் போட்டுச் செய்திக்கு உம் கொட்டிப் பார்த்தார். செய்தி வாசிக்கிறவர் யாருக்காகவும் நிற்கிற ஆளில்லை. மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தால் அந்தச் சத்தம் நின்ற பிறகும் மேலே பார்த்துக்கொண்டிருப்பார். தனிமை என்ற சொல்லை எத்தனையோ பதிப்புகளில் அவர் திருத்தியிருக்கிறார். அது வீட்டுக்கே வந்து உட்கார்ந்தபோதுதான், தான் திருத்தியதெல்லாம் எழுத்துப்பிழையை மட்டும்தான் என்று தெரிந்தது.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் போன் செய்வாள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். நாள் முழுக்க வருகிறவர்களிடம் "இதுல தெரியுதா, அதுல தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டுப் பேச்சு சரளமாக வரும். அவள் பேசுவாள், இவர் உம் கொட்டுவார். "அப்பா, ஒரு வார்த்தையாவது பேசுங்களேன்," என்பாள் நடுநடுவே. "நீ சொல்லும்மா," என்பார். போனை வைத்த பிறகு அந்த நாள் நல்லபடியாக ஓடிவிடும். அதற்கடுத்த நாட்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத் தள்ளுவார்.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கத்தைவிடத் தெளிவாகப் பேசினாள். எழுதி வைத்து வாசிக்கிற மாதிரி இருந்தது.

"அப்பா, நாங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டோம்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அந்தக் குரலில் பிசிறு இல்லை. யோசித்துத்தான் செய்திருக்கிறாள். "ம்," என்றார்.

"சண்டையெல்லாம் இல்ல. ரொம்ப நாளா ஒத்துவரல. கடைக்குப் பக்கத்துலயே சின்னதா ஒரு வீடு எடுத்திருக்கேன்."

"ம்."

"வேலை அப்படியேதான். யார்கிட்டயும் கையேந்த வேண்டாம்."

"ம்."

"நீங்க கவலைப்படாதீங்க. நான் ஹேப்பியாத்தான் இருக்கேன்."

இடைக்கோட்டார் சும்மா இருந்தார்.

மகள் காத்திருந்தாள். இவரும் காத்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. "சரிப்பா, வெக்கிறேன்," என்றாள் கடைசியில். போன் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. இடைக்கோட்டார் காலையிலேயே குளித்து, போனை மேஜைமேல் எடுத்து வைத்து, எதிரே உட்கார்ந்திருப்பார். தானாக எடுத்து ஒரு போன் போட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. வாசிக்கிறவர்தான் திரும்ப வாசிக்க வேண்டும், கேட்கிறவர் காத்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். இருபக்கமும் பிடிவாதம் என்று பார்க்கிறவர்கள் சொல்லக்கூடும். இந்தப் பக்கம் பிடிவாதம் துளியும் இல்லை, பயம்தான் இருந்தது. அவளும் போய்விட்டால் தனக்கு யாரும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்படி ஞாயிறுகள் போய்க்கொண்டிருக்க, புதுப் பதிப்பின் ப்ரூஃபில் 'ஹேப்பி' வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். அறையில் வேறு யாரும் இல்லை. ஹெட்போனில் அந்தப் பெண் குரல் சொல்லை வாசித்தது. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "ம்," என்றார். ஐந்து பொருளையும் வாசித்தது. ஐந்துக்கும் "ம்". பிறகு உதாரண வாக்கியம். பதிப்பாசிரியர்கள் இந்த முறை புதிதாகப் போட்டிருந்தார்கள். 'தான் மகிழ்ச்சியாக இருப்பதாக அவள் சொன்னாள்.'

வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அவருக்கு "ம்" வரவில்லை. விரல் அந்த வரியிலேயே நின்றது. வாசிக்கிறவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தார். குரல் திரும்பி வரவில்லை. அடுத்த சொல்லுக்குப் போயிற்று, அதற்கடுத்த சொல்லுக்கும் போயிற்று. கமா, புள்ளி, கமா என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"அட, நில்லேன்," என்றார் வாய்விட்டு.

அது நிற்குமா? இவர் சும்மா இருந்தால் தான் நிற்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட ஊதுகிறவன் கன்னம் உப்புவதாவது தெரியும். இவர் ஒன்றும் ஊதவே இல்லையே. சும்மா அல்லவா இருந்தார்.

அந்த நினைப்பு முடிவதற்குள் இன்னொன்று வந்து நின்றது. மகளுக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது உள்ளுக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தது. காகிதக் கட்டுகள் அடுக்கிய மாடிப்படித் திருப்பத்துக்கு வந்து நின்று மகளுக்குப் போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அப்பா? என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

இவராகப் போன் செய்கிறவர் இல்லையே, அதனால் அவளுக்கு வேறென்ன தோன்றும்.

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்புறம்?"

"அன்னைக்குச் சொன்னியே. அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லு."

"எதை?"

"ஹேப்பியா இருக்கேன்னு."

அந்தப் பக்கம் குரல் இறுகிவிட்டது. "ஏன், அன்னைக்குக் காதுல விழலையா? இல்ல, விழுந்தும் ஜீரணமாகலையா? புருஷனை விட்டுட்டு வந்தவ இதை எப்படி வாய் கூசாம சொல்றான்னு கேக்கப் போறீங்களா?"

தான் சும்மா இருந்ததற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று இடைக்கோட்டார் கனவிலும் நினைக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி இல்லம்மா. வெச்சுடாத. இங்க ஆபீஸ்ல ஒருத்தர் வாசிப்பாங்க. நான் கேப்பேன். சரியா இருந்தா ம் சொல்லுவேன். சரியில்லன்னா சும்மா இருப்பேன். அவங்க திரும்ப வாசிப்பாங்க. நீயும் திரும்பச் சொல்லுவேன்னு நெனச்சேன். அதான்... காத்துக்கிட்டிருந்தேன்."

"எப்பலேருந்து?"

"அன்னைலேருந்து."

"இத்தனை நாளா ஒரு போன் கூட பண்ணாம உக்காந்திருந்தது அதுக்குத்தானா?"

"ம்."

மகள் வெடித்துவிட்டாள். "அப்பா! என் கடையிலயும் ஆளுங்க உக்காந்து எழுத்து வாசிக்கிறாங்க. தெரியலைன்னா தெரியலைன்னு வாயத் திறந்து சொல்வாங்க! நீங்க சும்மா இருந்தா எனக்கு என்னன்னு தெரியும்?"

"உங்கம்மாவுக்குத் தெரியும்."

"நான் அம்மா இல்லப்பா."

இப்போது சும்மா இருக்கவும் பயமாக இருந்தது. "ம்," என்றார் அவசரமாக.

"நீங்க என்னைத் தலைமுழுகிட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "சரி, சொல்லுங்க. எது சரியில்லன்னு சும்மா இருந்தீங்க? நான் பிரிஞ்சு வந்ததா?"

"அதுக்கு ம் சொன்னேனே."

இடைக்கோட்டார் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார்.

"பிரிஞ்சுட்டோம்னு சொன்னே, ம் சொன்னேன். வீடு எடுத்தேன்னு சொன்னே, ம் சொன்னேன். வேலை இருக்குன்னு சொன்னே, அதுக்கும் சொன்னேன். எல்லாம் சரியாத்தான்மா செஞ்சிருக்கே. அந்த ஒரு வரிதான் இடிச்சுது."

மகள் அழுகிற சத்தம் கேட்டது. சின்ன வயதில் அழுதது போலவே மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். கடையில் யாரோ கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம், வர்றேன்," என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு எங்கேயோ நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இடைக்கோட்டார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

"காலையில எந்திரிச்சா ரெண்டு கப் எடுத்து வெச்சுடறேன்பா," என்றாள். "அப்புறம் ஒண்ணை உள்ள வெக்கிறேன்."

"ம்."

"கடை மூடினதும் வீட்டுக்குப் போகவே பிடிக்கல. தெருவுல சும்மா ஒரு சுத்து சுத்திட்டுப் போறேன்."

"ம்."

"ஹேப்பியா எல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா திரும்பிப் போக மாட்டேன்."

"ம்," என்றார். அது சரியாக வெளியே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை, நன்றாகக் கேட்கும்படி, "ம்" என்றார்.

மகள் மூக்கைச் சிந்தினாள். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. வெயில் ஏறிய படிக்கட்டில் காகித வாசனை அடித்தது. மேலே அறையில் அந்த ஹெட்போன் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும், வாசித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"நீங்க எப்படிப்பா இருக்கீங்க?" என்றாள்.

"எனக்கென்னம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை. மறுபடி காதில் வைத்தார். மகள் மூச்சு விடுவது கேட்டது. ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். வேண்டுமென்றேதான் இருக்கிறாள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வாழ்நாளெல்லாம் கேட்கிற பக்கமே உட்கார்ந்திருந்தவர் அவர். வாசிக்கிற பக்கம் இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"இல்லம்மா," என்றார். "வீட்டுக்குப் போனா பேச ஆளில்ல. ரொம்பக் கஷ்டமா இருக்கு."

"ம்," என்றாள் மகள்.